ஒன்பது ரிவிஷாக்கள்

ஜூன் 9

எட்டரை மணி சீரியலுக்கு வசனம் எழுதும் ஐயாவுக்கு,

வணக்கம் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன், வைத்துக்கொள்ளுங்கள்.

நான் துணி ஆல்டர் செய்யும் கடை வைத்திருக்கிறேன். ஜிப் மாற்றுவது, பேண்ட் நீளம் குறைப்பது, தடித்துப்போனவர்களுக்குத் தையலைப் பிரித்து விடுவது, இதுதான் என் பிழைப்பு. கடிதம் எழுதிப் பழக்கமில்லை. டிவியில் உங்கள் பெயர் ஓடுகிறதே தவிர விலாசம் ஓடுவதில்லை. அதனால் சேனலுக்கே அனுப்புகிறேன். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுவேன். வரும்வரை எழுதுவேன்.

என் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் கொசு என்று கூப்பிடுவேன். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ரிவிஷா. உங்கள் கதாநாயகியின் பெயர்தான்.

அவள் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது நான் மணிக்கட்டு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். வார்டுச் சுவரில் ஒரு டிவி இருந்தது. அன்றைக்கு உங்கள் ரிவிஷா நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். மாடிப்படியில் விழுந்துவிட்டதாகப் புருஷன் சொன்னான். அவள் தலையைத் தூக்கி, "நான் விழல. இவர் தள்ளினார்" என்றாள். அவ்வளவுதான் வசனம். மறுநாள் காலை டாக்டர் வந்தபோது நானும் அதையே சொன்னேன். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. மகள் பிறந்ததும் வேறு பெயரே யோசிக்கவில்லை.

அந்த ரிவிஷாவை இப்போது என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? போன மாதம் ஓரகத்தியின் குழந்தைக்குப் பாலில் விஷம் கலக்கிறாள். கலந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதை மூன்று நாள் திரும்பத் திரும்பக் காட்டினீர்கள்.

பள்ளிக்கூடத்தில் என் மகளுக்கு இப்போது "ரி-விஷம்" என்று பெயர். போன செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். வகுப்பில் முப்பத்தெட்டு பிள்ளைகள். முப்பத்தெட்டு மிட்டாய் கொடுத்தனுப்பினேன். முப்பத்தெட்டும் அப்படியே திரும்பி வந்தன. சாயங்காலம் கடை வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, நான் எதுல விஷம் கலந்தேன்?" என்று கேட்டாள்.

கதையை மாற்றுங்கள். கெஞ்சவில்லை. மாற்றியாக வேண்டும் என்று சொல்கிறேன்.

ஆல்டரேஷன் கடைக்காரி


ஜூன் 17

நேயருக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

ஆனால் சில விஷயங்களை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கதை வசனகர்த்தாவின் கையில் இல்லை. அந்த நடிகை சினிமாவுக்குப் போகிறார். அவரைத் தொடரிலிருந்து அனுப்பியாக வேண்டும். நல்லவளாக அனுப்பினால் பார்ப்பவர்கள் கோபித்துக்கொண்டு வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள். கெட்டவளாக்கி அனுப்பினால் கைதட்டுவார்கள். மேலிடத்துக் கணக்கு இது. பெயரிலேயே விஷம் இருக்கிறது என்று கதைக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எடுத்துக் கொடுத்தாராம். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. என் நிலைமை மத்தளம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பூ இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, பாட்டன் பூட்டன் பெயர் இருக்கிறது. இத்தனையும் விட்டுவிட்டுத் தினமும் விளம்பரத்துக்கு நடுவே வந்துபோகும் ஒரு பெண்ணின் பெயரை ஆயுசுக்கும் பிள்ளை தலையில் கட்டியது யார்? அந்தக் குற்றத்தை என்மேல் போடாதீர்கள்.

வசனகர்த்தா


ஜூன் 21

ஐயா,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கோபத்தில் ஒரு வாடிக்கையாளரின் பேண்ட்டை இரண்டு அங்குலம் அதிகமாக வெட்டிவிட்டேன். அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

யார் குற்றம் என்று கேட்டீர்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று மாமனார் ஒரு பெயர் எடுத்து வைத்திருந்தார், என் அப்பா ஒன்று வைத்திருந்தார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு பேரும் எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் ரிவிஷா தினமும் எட்டரை மணிக்கு வந்தாள். யார் பெயரை வைக்கச் சொல்கிறீர்கள்?

சரி, கதையை மாற்ற உங்களால் ஆகாது. ஒரு சின்னக் காரியமாவது செய்யுங்கள். வரும் திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயருக்கு என்ன பொருள் என்று அட்டையில் எழுதி வகுப்பில் படிக்க வேண்டுமாம். கடையில் ஒரு பெயர்ப் புத்தகம் வாங்கினேன். "ரிவிஷா - இனிமையானவள்" என்று போட்டிருக்கிறது. அதே பக்கத்தில் வேறு பதினொரு பெயருக்கும் இனிமையானவள் என்றுதான் போட்டிருக்கிறது. போனில் தேடினால் ஒரு இடத்தில் தேவதை, ஒரு இடத்தில் ஆற்றின் மகள், இன்னொரு இடத்தில் பாரசீக நாட்டு மாதுளை.

பெயரை வைத்தவர் நீங்கள். பொருளைச் சொல்லுங்கள். நல்ல பொருள் ஒன்று இருந்தால் அந்தப் பிள்ளைகள் வாயை அடைக்கலாம் என்று கொசு நினைக்கிறாள்.

ஆல்டரேஷன் கடைக்காரி


ஜூன் 24

நேயருக்கு,

ரிவிஷா என்பது பழைய வடமொழிச் சொல். "விடியலின் முதல் ஒளி" என்று பொருள். மகளுக்கு என் வாழ்த்து.

வசனகர்த்தா


ஜூலை 6

ஐயா,

நீங்கள் நன்றாக இருப்பீர்களா?

விடியலின் முதல் ஒளி. அதை மஞ்சள் அட்டையில் எழுதி, மூலையில் சூரியன் வரைந்து, சூரியனுக்குப் பதினாறு கதிர் போட்டு, நான்கு நாள் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள் என் மகள். வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படித்தாள். மொழி டீச்சர் சிரித்தாராம். "அப்படி ஒரு வார்த்தையே கிடையாதும்மா, டிவில கெளப்பி விட்டது" என்றாராம். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். வரும்போது அட்டையை நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். எங்கேயாவது எறிந்துவிட்டு வரக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

டீச்சர்தான் தெரியாமல் பேசிவிட்டார் என்று நினைத்தேன். அச்சகத்தில் பிழை திருத்தும் அம்மா ஒருவர் என் கடைக்கு வருவார். அவரிடம் கேட்டேன். மூன்று அகராதி புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ உங்க தலையில மொளகா அரைச்சிருக்காங்க" என்றார்.

பிறகு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த டீச்சரை வராந்தாவில் நிறுத்தி, தெரியாததைச் சிரிக்காமலும் சொல்லலாம் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். தலைமை ஆசிரியர் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன். ஆனால் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏழு வயதுப் பிள்ளையின் சோற்றில் மறைத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன். தெரியாது என்று ஒரு வார்த்தை எழுதினால் உங்கள் பேனா தேய்ந்துவிடுமா?

அவள் இப்போது ரிவிஷா என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது வாயே திறப்பதில்லையாம். நான்கு நாளாக ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள், வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு.

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். பொய் படிக்க எனக்கு நேரமில்லை.


ஜூலை 15

அம்மா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி.

முதல் உண்மை. நான் ஐயா இல்லை. திரையில் ஓடுவது என் கணவரின் பெயர். எட்டு வருஷமாக எழுதுவது நான். சமையலறை மேசையில், அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் கதைக் கூட்டத்துக்குப் போவார், வருவார், இன்ன சீன் என்று சொல்வார். மறுநாள் காலை தாள்களை எடுத்துக்கொண்டு போவார். ஆரம்பத்தில் அவருக்கு உதவியாகத்தான் தொடங்கினேன். உதவி எப்போது வேலையானது என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. அவருக்கு நினைவுபடுத்திக்கொள்ள விருப்பமும் இல்லை. நேயர் கடிதங்களைக்கூட அவர் பிரிப்பதில்லை. சாக்கோடு கொண்டுவந்து சமையலறை வாசலில் போடுவார். அதனால்தான் உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது. நீங்கள் ஐயா என்று எழுதியதை நான் திருத்தவில்லை. ஐயாவாக இருந்துகொண்டு கடுமையாகப் பேசுவது சுலபமாக இருந்தது.

இரண்டாவது உண்மை. ரிவிஷாவுக்குப் பொருள் இல்லை. கதாநாயகிக்கு ஒரு பெயர் அன்று நான்கு மணிக்குள் வேண்டும் என்று சேனலிலிருந்து போன் வந்தது. "ரி" என்று தொடங்க வேண்டும் என்று எண் ஜோசியர் சொல்லியிருந்தார். "ஷா" என்று முடிந்தால்தான் நாகரிகமாக இருக்கும் என்று மேலாளர் சொன்னார். நடுவில் ஓர் எழுத்து காலியாக இருந்தது. என் கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் "வி" என்றேன். என் பெயரின் முதல் எழுத்து. யாருக்கும் தெரியாது. அந்த ஓர் எழுத்து மட்டும் என்னுடையது. இதைத் தவிர அந்தப் பெயருக்குள் வேறொன்றும் இல்லை.

மூன்றாவது, நீங்கள் சொன்ன அந்த வசனம். அவர் என்னை அடிக்கிறவர் இல்லை. ஒரே ஒரு முறை தள்ளினார். மேசை முனை நெற்றியில் பட்டது, நான்கு தையல். டாக்டர் கேட்டபோது "விழுந்துட்டா" என்று அவர் சொன்னார், நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, சொல்லாமல் விட்டதை எழுதினேன். அதை எடுத்துப்போய்க் கொடுத்தார். அந்த வருஷம் சிறந்த வசனத்துக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. அவர் மேடையேறி வாங்கினார். கேடயம் எங்கள் கூடத்தில் இருக்கிறது, நான்தான் துடைக்கிறேன். அது எதைப் பற்றிய வசனம் என்று அவருக்கு இன்றுவரை உறைத்ததாகத் தெரியவில்லை.

உங்கள் மகளிடம் பொய் சொன்னது தப்பு. ஒரு நல்ல வார்த்தை கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், பழகிவிட்டது.


ஜூலை 19

அக்கா என்று எழுதுகிறேன். வயது தெரியாது, ஐயா இல்லை என்பது மட்டும் தெரியும்.

அனுதாபப்பட்டு எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அன்றைக்கு நான் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு எங்கே போய் நின்றேன் தெரியுமா? பேருந்து நிலையத்தில். ஒரு கையில் மாவுக்கட்டு, வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை, கட்டியிருந்த துணிக்கு மாற்றுத் துணி இல்லை. அம்மா வீட்டில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே உள்ளே வா என்று சொல்லவில்லை. தையல் கடையில் பட்டன் தைத்துக் கொடுத்து, கடையின் பின்பக்கம் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்தேன். அப்போதெல்லாம் என்ன நினைத்துக்கொள்வேன் என்றால், இதை எழுதியவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், தெரிந்துதான் எழுதியிருப்பார், அதனால் இது நல்லபடியாகத்தான் முடியும் என்று.

நீங்களோ தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். உங்கள் வாய்க்கு வராததை என் வாயில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறீர்கள். எட்டு வருஷம் அந்த ஆளுக்குச் சோறும் போட்டு, வசனமும் போட்டு, கேடயமும் துடைத்திருக்கிறீர்கள். என்னை ஆழம் பார்க்கச் சொல்லிவிட்டுக் கரையில் நின்றவர் நீங்கள்.

இதற்குமேல் எழுதினால் தகாத வார்த்தை வரும்.


ஜூலை 27

தங்கச்சிக்கு,

உங்களுக்கு மட்டும்தான் கோபம் வருமா?

நீங்கள் இறங்கினீர்கள். உங்கள் காலுக்குத் தெம்பு இருந்தது. அதற்காகத் தெம்பில்லாதவளைச் செருப்பால் அடிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? நான் வெளியே வந்தால் என்ன சொல்லி வேலை கேட்பேன்? எட்டு வருஷ வேலையில் என் பெயர் போட்ட ஒரு துண்டுத் தாள் கிடையாது. நான் எழுதியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என்னை முட்டாள் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கரையில் நின்றவள் என்று சொல்லாதீர்கள். கரையில் நிற்கிறவள் நனைய மாட்டாள்.

உங்கள் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன், ஐந்து தடவையும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இருந்தேன், அவர் அடுத்த வார சீன்களோடு வந்தபோது. ரிவிஷாவைத் தெருவில் இழுத்துப் போட்டு ஊரே கல்லெறிகிறது. முதல் கல்லை எறிவது ஒரு பள்ளிக்கூடக் குழந்தை. குழந்தை எறிந்தால் உருக்கமாக இருக்கும் என்று கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறார்கள்.

"இதை நான் எழுத மாட்டேன்" என்றேன். தலைவலியா என்று கேட்டார். இல்லை என்றேன். சிரித்தார். இரண்டாம் நாள் கத்தினார். மூன்றாம் நாள் அவரே கூடத்து மேசையில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வரைக்கும் "ரிவிஷா" என்று எழுதி அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார். அவ்வளவுதான் வந்தது. எடுத்துவைத்த எபிசோடுகள் இன்னும் பன்னிரண்டு நாளைக்குத்தான் வரும். அதற்குள் வேறு யாரையாவது பிடித்து எழுத வைத்துவிடுவார்கள். எழுதாமல் இருக்க என்னால் முடியும். அந்தக் கல்லை நிறுத்த என்னால் முடியாது.

போன் செய்யாதீர்கள். அவர்தான் எடுப்பார்.


ஆகஸ்ட் 3

அக்கா,

கரையில் நின்றவர் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மற்றதை வாங்கவில்லை.

புதன்கிழமை கொசுவைக் கூட்டிக்கொண்டு பெயர் மாற்றும் அலுவலகத்துக்குப் போனேன். முந்தின நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து புதுப் பெயர் யோசித்தோம். அவள் கேட்டது ஒரு கார்ட்டூனில் துப்பறியும் முயலின் பெயர். முடியவே முடியாது, டிவியில் வருவதையெல்லாம் பெயராக வைப்பாயா என்று திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் நீள பெஞ்சு. ஃபேன் ஒன்றுதான், அதுவும் குமாஸ்தா தலைக்கு மேல். விண்ணப்பத்தைக் கொடுத்தேன். பெயரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மாசத்துல நீங்க ஒன்பதாவது ஆளு. அங்க ரெண்டு உட்கார்ந்திருக்கு பாருங்க" என்றார். பெஞ்சின் கோடியில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒன்றுக்கு முன்பல் இல்லை. இன்னொன்று அழுது முடித்திருந்தது.

குமாஸ்தா, "ரிவிஷா" என்று கூப்பிட்டார். மூன்றும் எழுந்து நின்றன. ஒரு மாதமாக அந்தப் பெயருக்குத் திரும்பாத என் மகளும் நின்றாள். ஒன்றை ஒன்று பார்த்தன. முன்பல் இல்லாதவள், "ஒனக்கும் விஷமா?" என்று கேட்டாள். கொசு, "ரி-விஷம்" என்றாள். "எனக்கு விஷப் பாட்டில்" என்றது மூன்றாவது. அரைமணி நேரத்தில் மூன்றும் பெஞ்சுக்கு அடியில் வீடு கட்டிக்கொண்டிருந்தன.

நாங்கள் தாய்மார்கள் பேச ஆரம்பித்தோம். ஒருவர் பஸ் கண்டக்டர். பிள்ளை பெற்றதும் வேலையை விடச் சொன்னார்களாம். ரிவிஷா கைக்குழந்தையோடு வேலைக்குத் திரும்பிய எபிசோடைப் பார்த்துவிட்டு இவரும் திரும்பினாராம். இன்னொருவர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறார். அவருக்கு ரிவிஷாவின் ஹேர்கட் பிடித்ததாம், வேறு காரணமே இல்லையாம். காரணம் எதுவாக இருந்தால் என்ன, அவர் மகளுக்கும் மதியத்தில் பக்கத்தில் உட்கார ஆளில்லை.

கல்லெறியும் சீனைப் பற்றி நான் சொன்னேன். கண்டக்டர் எழுந்துவிட்டார். ஊரில் பாதிப்பேரை அவருக்கு முகம் தெரியும். மூன்று நாளில் ஒன்பது பேரையும் தேடிப் பிடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் ஒன்பது பேரும் வருகிறோம், ஒன்பது பிள்ளைகளோடு. பதினோரு மணிக்கு சேனல் வாசலில் இருப்போம். கல் எறிகிறவர்கள் எங்கள் முகத்துக்கு நேரே எறியட்டும்.

உங்களை வரச் சொல்லவில்லை. தெரிவிக்கிறேன்.


ஆகஸ்ட் 5

தங்கச்சிக்கு,

பதினோரு மணிக்குத்தான் கதைக் கூட்டம். அவரும் இருப்பார்.

முன்வாசல் வழியாகவே வாருங்கள், பக்கவாசல் பூட்டியிருக்கும் என்று கேள்வி. கட்டடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. நான் அங்கே நிற்பேன். பச்சைப் பருத்திப் புடவை. உள்ளே வருவேனா என்று எனக்கு இப்போது தெரியாது. எட்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்துகூட நான் பார்த்ததில்லை.


ஆகஸ்ட் 26

அக்கா,

நீங்கள் அனுப்பிய புது முகவரிக்கு எழுதும் முதல் கடிதம் இது. பெண்கள் விடுதி, அறை எண் பதினான்கு என்று பார்த்ததும் இரண்டு தடவை படித்தேன். ஒன்றும் கேட்க மாட்டேன். அங்கே தண்ணீர் சரியாக வருகிறதா என்று மட்டும் எழுதுங்கள்.

அன்றைக்கு உங்களை ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் விட்டுவிட்டு வந்தோம். நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன். நீங்கள் டீக்கடையிலிருந்து சாலையைக் கடந்து வருவதற்கு முன்னால் வாசல் காவலாளியோடு எங்களுக்குச் சண்டை. வருகிறவர்கள் எல்லோரும் பெயர் எழுத வேண்டும் என்று பதிவேட்டை நீட்டினார். பிள்ளைகள் பெயரையும் எழுதச் சொன்னார். நான்காவது ரிவிஷாவை எழுதும்போது பேனாவைப் பிடுங்கிவிட்டார். "வெளையாடுறீங்களா? எல்லாருக்கும் எப்படிம்மா ஒரே பேரு?" என்றார். கண்டக்டர், "உள்ள இருக்கிறவங்களக் கேளுங்க. நாங்களும் அதத்தான் கேக்க வந்திருக்கோம்" என்றார். பிறகு ஒன்பதும் எழுதியாயிற்று. ஒரு பக்கம் முழுக்க ரிவிஷா. அதற்குக் கீழே நீங்கள் வந்து உங்கள் பெயரை எழுதினீர்கள். அதுவரை உங்கள் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது, அக்கா. இத்தனை கடிதத்திலும் நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அழகான கையெழுத்து.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் நிற்கிறது. மேலாளர் கீழே இறங்கி வந்தார், பின்னாலேயே உங்கள் கணவர். எங்களைப் பார்த்து அவர் கை கூப்பினார். நேயர்கள் என்று நினைத்துவிட்டார். அப்புறம்தான் பச்சைப் புடவையைப் பார்த்தார். உங்களுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன் என்று மேலாளரிடம் சொன்னார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நீங்கள், "எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. எட்டு வருஷமா இதை எழுதுறது நான்" என்றீர்கள். குரல் நடுங்கியது. ஆனால் கடைசி வார்த்தை வரைக்கும் வந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன், உங்கள் முதுகைத் தொடவேண்டும்போல இருந்தது. தொட்டால் நிறுத்திவிடுவீர்களோ என்று தொடவில்லை.

அந்த மேலாளரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எதிரே ஒரு மனுஷி எட்டு வருஷத்தைத் தூக்கி வைக்கிறாள், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "யார் எழுதினா என்ன மேடம், திங்கக்கிழமைக்கு எபிசோடு வேணும்" என்றார். அதிர்ச்சிகூட இல்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கல்லெறியும் சீன் வராது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் நாங்கள் நகர்ந்தோம். அதற்குப் பதிலாக நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தேன். விஷம் கலந்தது ரிவிஷா இல்லையாம், அவளைப்போலவே இருக்கும் இரட்டைச் சகோதரியாம். அக்கா, உங்களுக்கு வெட்கமே இல்லையா? கண்டக்டர் போன் செய்து சிரிக்கிறார், எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் பிள்ளைகளிடம் அது எடுபட்டுவிட்டது. மறுநாளே வகுப்பில் ஒருத்தி, "அது வேற ரிவிஷாடி" என்று சொல்லிவிட்டு இவள் டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்தாளாம். இரண்டு மாதம் என் மகளைக் கொன்றதற்கு ஒருத்திகூட மன்னிப்புக் கேட்கவில்லை. பிஸ்கட் எடுத்தார்கள், அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாம். எனக்குப் போதாது.

ஒன்பதில் இரண்டு பேர் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். அது அவரவர் இஷ்டம். கொசு மாட்டேன் என்கிறாள். முன்பல் இல்லாதவளும் மாற்றாததால் இவளும் மாற்றவில்லை. அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதையும் நான் கண்டுபிடித்து உங்களுக்கு எழுதப்போவதில்லை. பொருள் எதுவும் இல்லை என்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். நடுவில் இருக்கும் எழுத்து யாருடையது என்றும் சொன்னேன். சரி என்றாள். விளையாடப் போய்விட்டாள்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். நேற்று எட்டரை மணிக்குக் கடையை மூடாமலே டிவியைப் போட்டேன். இந்த வாரத்திலிருந்து உங்கள் பெயரும் வரும் என்று எழுதியிருந்தீர்களே, பார்க்க வேண்டாமா? வசனம் என்று பெரிய எழுத்தில் அவர் பெயர் வந்தது. அது பழையபடியே இருக்கிறது. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். "வசன உதவி" என்று போட்டு உங்கள் பெயர்.

உதவியா?

கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கண்டக்டருக்குப் போன் செய்தேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், நான் பேசுவதற்கு முன்னாலேயே கத்த ஆரம்பித்துவிட்டார். ரத்தப் பரிசோதனை நிலையத்தம்மா லீவு கேட்டாயிற்று. பெயரை மாற்றிக்கொண்ட இரண்டு பேரும் வருகிறார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை, அதே பதினோரு மணி. டீக்கடையில் நிற்க வேண்டாம், அக்கா. வாசலுக்கே வந்துவிடுங்கள்.